கிறீன் வைத்தியரின் பூட்டனார்

மானிப்பாய்க் கிறீன் வைத்தியரைப் பற்றி நம்மவர் எழுதிய கட்டுரைகள் பல. அவற்றுட் பெரும்பாலன ஒரே தடத்திற் செல்வன. 1822ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மசாச்சுசெற்ஸ் நாட்டு வூஸ்டர் நகரிற் பிறந்தார் என்று ஒரு வரி. அடுத்த வரியிலேயே அவரைக் கப்பலேற்றி 1847இல் யாழ்ப்பாணத்தில் இறக்கிவிடுவர். பின்னர், மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே மாணாக்கர்க்குக் கற்பித்தமையும், ‘வைத்தியாகரம்’, ‘கெமிஸ்தம்’ முதலிய நூல்கள் தந்தமையும் விரிவாகப் பேசப்படும். பேசப்பட வேண்டியனவே, கலைச்சொல்லாக்கத்தில் நாம் அவருக்குப் பட்ட கடன் சிறிதன்று. ஆயினும், பாட்டன் யார், பூட்டன் யார் என்று வினவாமல் ஒருவரைத் திண்ணையிற்கூட இருத்தாத யாழ்ப்பாணத்தார், இவரொருவரை மட்டும் வானத்தினின்று விழுந்தவர்போலக் கொண்டது வியப்பே.

அவருடைய தந்தையார் வில்லியம் எலைஜா கிறீன், வழக்கறிஞர். பாட்டனார் ஜோன் கிறீன், வூஸ்டரிற் பெயர்பெற்ற வைத்தியர். அப்பாட்டனாரின் மனைவி மேரி என்பார், திமோதி றகிள்ஸ் என்னும் படைத்தலைவரின் மகள். ஆகவே அப்படைத்தலைவர் நம் கிறீனுக்குப் பூட்டனார் ஆகின்றார். இப்பூட்டனாரையே இங்குப் பேச எடுத்துக்கொண்டேன்.

றகிள்ஸ் 1711இற் பிறந்தவர். பாதிரியார் ஒருவரின் மகன். ஹார்வார்ட் கல்லூரியிற் கற்று வழக்கறிஞரானவர். விடுதி நடத்தி வந்த கைம்பெண் ஒருவரை 1736இல் மணந்தார். பத்சேபாள் என்பது அவர் பெயர். அக்காலத்து மசாச்சுசெற்சின் பாதுகாப்புப் பெரும்பாலும் ஊர்ப்படையையே நம்பியிருந்தது. உழவரும் கொல்லரும் தச்சரும் ஆண்டிற் சில நாள் துப்பாக்கியுடன் கூடிப் பயில்வர். ஆபத்து வந்தவிடத்து அவர்களிலிருந்தே படை திரட்டப்படும். அத்தகைய மக்களைக்கொண்டு பிரெஞ்சுக்காரரை எதிர்க்கச் சென்ற தலைவருள் றகிள்ஸ் ஒருவர். 1755ஆம் ஆண்டு செப்டெம்பர் 8ஆம் நாள் ஜோர்ஜ் ஏரிக்கரையில் நிகழ்ந்த போரில் அவர் இரண்டாம் நிலைத் தலைவராய் நின்றார். பிரெஞ்சுத் தளபதி டீஸ்கவ் சிறைப்பட்டது அப்போரிலேதான். 1758இல் ரைக்கண்டரோகாக் கோட்டையைத் தாக்கித் தோற்று மீண்ட பெரும்படையிலும் அவர் இருந்தார். பிரிகேடியர் என்னும் பட்டம் இவ்வாறு வந்தது. பின்பு சட்டசபைச் சபாநாயகராகவும், வூஸ்டர் மாவட்ட நீதிமன்றத் தலைமை நீதிபதியாகவும் விளங்கினார்.

இவ்வளவோடு நின்றிருந்தால் நம்மூர் வழக்கப்படி அவருக்கு ஒரு சிலையே எழுப்பியிருக்கலாம். நிற்கவில்லை. 1765இல் முத்திரை வரியை எதிர்த்து ஒன்பது குடியேற்ற நாடுகளின் பேராளர் நியூயோர்க்கிற் கூடினர். அவைத்தலைவராகத் தெரிந்தெடுக்கப்பட்டவர் றகிள்ஸே. மனுக்கள் எழுதி முடிந்தபின், தலைவரே கையெழுத்திட மறுத்துவிட்டார்! ஊர் திரும்பியபோது சட்டசபை அவரை அழைத்துக் கண்டித்தது. 1774இல் அரசரின் நியமனம்பெற்ற ஆலோசனைச் சபை உறுப்பினரானதும், ஊரில் இருக்க முடியாது பொஸ்ரனுக்கு அகன்றார். அவ்வாண்டு செப்டெம்பர் 6ஆம் நாள், ஊர்ப்படையினர் 4,622 பேர் வூஸ்டர் வீதியில் அணிவகுத்து நின்று, நீதிபதிகளைப் பதவி துறக்கச் செய்து நீதிமன்றத்தை மூடினர். எந்த ஊர்ப்படையால் அவர் உயர்ந்தாரோ, அந்த ஊர்ப்படையே அவருடைய நீதிமன்றத்தை மூடிற்று. மறு ஆண்டு வூஸ்டர் வீரரை நடத்திச் சென்றவர் பிகலோ என்னும் கொல்லர். அவருக்கும் திமோதி என்பதே பெயர். பக்கம் மட்டும் வேறு.

றகிள்ஸ் பிரித்தானியருடனேயே நின்றார். நிலமும் மனையும் பறிமுதலாயின. 1778இல் நாடுகடத்தற் சட்டத்தில் அவர் பெயரும் ஏறிற்று. மனைவி உடன் செல்லவில்லை. எழுபது கடந்த வயதில், பிரித்தானியர் வசமிருந்த நோவா ஸ்கோஷியாவில் காடு திருத்தி, ஆப்பிள் நட்டு, 1795இற் காலமானார்.

இக்குடும்பத்தின் பெருந்துயரம் இனித்தான் வருகின்றது. தாயின் பெயரையே தாங்கிய இளைய பத்சேபாள், கணவன் ஜோசுவா ஸ்பூனரைக் கொல்வித்த குற்றத்துக்காக 1778 ஜூலை 2ஆம் நாள் வூஸ்டரில் தூக்கிலிடப்பட்டாள். தான் கருவுற்றிருப்பதாக அவள் முறையிட்டாள், ஏற்கப்படவில்லை. இறந்தபின் உடலைச் சோதித்தபோது ஐந்து மாதச் சிசு காணப்பட்டது. அவள் குற்றம் செய்தவளே. எனினும், ஊர் வெறுத்த ஒருவரின் மகளாயிராவிடின் அம்முறையீடு இன்னும் சற்றுப் பொறுமையோடு கேட்கப்பட்டிருக்கும் என்று கருதும் ஆய்வாளர் உளர், யானும் அக்கருத்தினனே. அவளுடலைச் சகோதரி மேரியும் கணவர் ஜோன் கிறீனும் தங்கள் கிறீன்ஹில் வளவில் அடக்கஞ் செய்தனர் என்பது வூஸ்டர் மரபு. ஜோன் கிறீனோ விடுதலைப் பக்கத்தவர். மாமனார் எதிரணித் தலைவர். மைத்துனி தூக்குமேடை ஏறியவள். அந்தக் கிறீன்ஹில்லிலேதான் நாற்பத்து நான்கு ஆண்டுகளின் பின் நம் கிறீன் வைத்தியர் பிறந்தார். 1884இல் இறந்ததும் அங்கேயே.

இவற்றாற் கிறீனின் தமிழ்த் தொண்டுக்கு என்ன விளக்கம் கிடைத்தது என்று கேட்பார் கேட்கட்டும். ஒன்றும் இல்லை. தொண்டு குருதிவழி வருவது என்று நான் சொல்ல வரவில்லை. தோற்ற பக்கத்தில் நின்றவரையும், தூக்கிலேறியவளையும் வூஸ்டர் வரலாற்றாசிரியர் மறையாது எழுதினர். அதனாற் கிறீன் குடும்பம் ஒரு விரற்கடையும் தாழவில்லை. நான் சொல்ல வந்தது இதுவே.

நம் நிலை வேறு. முதலியார் என்ற பட்டத்தைப் பெயரோடு சேர்த்துப் பெருமையுறும் குடும்பங்கள், போர்த்துக்கேயர் காலத்தில் அஃது அவர்க்குப் படை நடத்திய உள்ளூர்த் தலைவர்க்குரிய பட்டம் என்பதை வாய்திறந்து சொல்வதில்லை. அது பழங்கதை, போகட்டும். அண்மைக் காலத்துக்கு வருவோம். வடமராட்சியில் 1980களிற் பிள்ளைகள் ஓர் இயக்கத்திற்கன்று, பல இயக்கங்களுக்குச் சென்றார்கள். ஒரே வீட்டின் அண்ணன் ஒன்றில், தம்பி மற்றொன்றில். பின்னர் இயக்கங்கள் தமக்குள்ளே பொருதின. எந்தத் துப்பாக்கிக்கு எவர் இரையானார் என்பதைப் பொறுத்து, ஒரு பிள்ளையின் படம் மாலையோடு சுவரில் உள்ளது; மற்றொரு பிள்ளைக்குப் படமும் இல்லை, பெயரும் இல்லை.

அந்தியேட்டிக்கு அச்சிடும் கல்வெட்டுகளில் இதனைக் காணலாம். நெல்லியடியில் இருக்கும் தமிழாசிரியனுக்குக் கல்வெட்டுப் பாடும் கடமை தானே வந்துசேரும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தாயார் காலமானார். மக்கள் நால்வர் என்று வெண்பாவில் வைத்தேன். மூத்தவர் வந்து, மூவர் என்று திருத்தித் தரும்படி கேட்டார். விடுபட வேண்டியவன் மூன்றாமவன், 1986இல் இறந்தவன், ‘துரோகி’ என்று பெயர் சூட்டப்பட்டவன். ‘நால்வர்’ இருந்த இடத்தில் ‘மூவர்’ நின்றாலும் தளை தட்டாது. ஆயினும் மறுத்தேன். வேறொருவர் பாடிக் கொடுத்தார். கல்வெட்டு மூவருடன் அச்சேறிற்று.

குடும்பத்தார் அச்சமும் எனக்கு விளங்காமல் இல்லை. ஊர்வாய் பொல்லாதது, பெண் கொடுக்கவும் எடுக்கவும் வேண்டும். ஆனால் அத்தாயார் இருந்த காலத்தில், ஆண்டுதோறும் ஆடியமாவாசை கழிந்த பின் வந்த ஒரு நாளில், எவருக்கும் சொல்லாமல் ஓர் இலை அதிகமாகப் போட்டுப் படைத்து வந்தார் என்பதை அந்த ஒழுங்கை முழுவதும் அறியும். கல்வெட்டிற் பிறந்த ஆண்டும் இறந்த ஆண்டும் இட்டு, நால்வருள் மூன்றாமவன் என்று எழுதினாற் போதும். எந்த இயக்கம், எவர் சுட்டார் என்பனவற்றை அதில் எழுத வேண்டியதில்லை.