பீட்ரூட்டும் பாலன்ஸ் ஷீட்டும்

சென்னையில் காலை ஆறரை மணிக்கு ஏதாவது ஒரு பூங்கா வாசலில் நின்று பாருங்கள். உள்ளே போகிறவர்கள் நடப்பதற்காகப் போகிறார்கள். வெளியே வருகிறவர்கள் குடிப்பதற்காக வருகிறார்கள். (தப்பாக நினைக்க வேண்டாம்.) அருகம்புல், வாழைத்தண்டு, நெல்லிக்காய், கேரட், பீட்ரூட் என்று எவர்சில்வர் பாத்திரங்களில் பாதி வானவில்லை இறக்கி வைத்திருக்கிறார்கள். நாற்பது நிமிஷம் நடந்து கரைத்ததை நாலே மடக்கில் திரும்ப ஏற்றிக்கொண்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, ஸ்கூட்டரை உதைத்துக் கிளம்புகிறார்கள் சுகவாசிகள்.

அதே ஜூஸை வீட்டில் போடுவது எப்படி என்பதுதான் இந்த வாரம். ரூம் எடுத்துத் தங்கியிருக்கும் வாலிபர்கள் கவனிக்கவும். உங்களிடம் இருப்பது ஒரு மிக்ஸி, ஒரு கத்தி, வீட்டு ஓனரின் நல்லெண்ணம் என்று வைத்துக்கொள்கிறேன்.

இப்போது ஊரெல்லாம் பேசப்படுவது ஏ.பி.சி. ஜூஸ். ஆப்பிள், பீட்ரூட், கேரட். பி.காம். படித்தவனுக்கு ஏ.பி.சி. என்றால் வேறு ஞாபகம் வரும். ஸ்டோர்ஸில் சரக்கை விலைவாரியாகப் பிரிக்கிற முறை அது. எண்ணிக்கையில் கொஞ்சம், விலையில் அதிகம் என்றால் 'ஏ' வகுப்பு. ஆச்சரியம், ஜூஸிலும் அது பொருந்துகிறது. நான் வாங்கின விலையில் இரண்டு கேரட் 9 ரூபாய், அரை பீட்ரூட் 3 ரூபாய், எலுமிச்சையும் இஞ்சியும் 7 ரூபாய், ஆப்பிள் மட்டும் தனியாக 30 ரூபாய். மொத்தம் 49. ஆப்பிளைத் தூக்கிவிட்டால் 19 ரூபாயில் காரியம் முடிந்துவிடும். மாசக் கடைசியில் ஏ-யை விட்டுவிட்டு பி.சி. ஜூஸ் குடியுங்கள், குடி முழுகிவிடாது.

செய்முறை பெரிய பிரும்ம வித்தை இல்லை. பீட்ரூட் தோலைச் சீவிவிடுங்கள், மண் வாசனை குறையும். கேரட்டை நன்றாகத் தேய்த்துக் கழுவினால் போதும். எல்லாவற்றையும் சுண்டுவிரல் நகம் அளவுக்கு நறுக்குங்கள். பெரிய துண்டாகப் போட்டால் மிக்ஸி முனகும், பிளேடுக்கு மேலே ஒரு துண்டு உட்கார்ந்துகொண்டு கடைசி வரை சுற்றிச் சுற்றி வரும். முதலில் கிழங்குகளைக் கொஞ்சமே தண்ணீர் விட்டு அரைக்க வேண்டும். முழுத் தண்ணீரையும் ஆரம்பத்திலேயே ஊற்றினால் துண்டுகள் நீச்சலடிக்குமே தவிர அரைபடாது. ஆப்பிளைக் கடைசியில் சேருங்கள், கூடவே எலுமிச்சைச் சாறு. நறுக்கிய ஆப்பிள் காற்றுப் பட்டால் துருப்பிடித்த மாதிரி ஆகும் இல்லையா? எலுமிச்சையின் புளிப்பு அதைத் தள்ளிப்போடும். வடிகட்டி, உடனே குடித்துவிட வேண்டும். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு செய்யாதீர்கள். பீட்ரூட் கறைக்கும் ஆபீஸ் மேனேஜரின் சந்தேகத்துக்கும் லேசில் சலவை கிடையாது.

கேரட் மட்டும் போடுவதாக இருந்தால், தண்ணீருக்குப் பதில் கொஞ்சம் தேங்காய்ப் பால் விட்டுப் பாருங்கள். ருசிக்காக மட்டும் சொல்லவில்லை. கேரட்டுக்கு ஆரஞ்சு நிறம் தருகிற பீட்டா கரோட்டினைத்தான் உடம்பு வைட்டமின் ஏ-யாக மாற்றிக்கொள்கிறது. அது கொழுப்பில் கரைகிற சமாசாரம். கூடக் கொஞ்சம் கொழுப்பு இருந்தால்தான் ஒழுங்காக ஒட்டும்.

கேரட் சாப்பிட்டால் இருட்டில் கண் தெரியும் என்று பாட்டி சொல்லியிருப்பார். பாட்டிக்கு முன்னால் அதைப் பெரிய அளவில் சொன்னது பிரிட்டிஷ் சர்க்கார். இரண்டாம் உலகப் போரில் ஜான் கன்னிங்ஹாம் என்ற விமானி ராத்திரியில் ஜெர்மன் விமானங்களைத் தேடித் தேடிச் சுட்டார். எப்படி என்று கேட்டவர்களுக்கு, 'நிறைய கேரட் சாப்பிடுகிறார்' என்று கதை கட்டிவிட்டார்கள். உண்மையில் விமானத்துக்குள் ரேடார் இருந்தது. வைட்டமின் ஏ குறைவாக இருப்பவருக்கு மாலைக்கண் வரும், அதற்கு கேரட் உதவும், அவ்வளவுதான். மற்றவர்கள் கிலோ கணக்கில் தின்றாலும் ராத்திரி கரன்ட் போனால் கட்டில் காலில் இடித்துக்கொள்ளத்தான் வேண்டும். அளவு மீறினால் உள்ளங்கை மஞ்சளாகும், ஜூஸை நிறுத்தினால் தானே சரியாகும். ஜூஸோடு கூட வைட்டமின் ஏ மாத்திரையும் எக்கச்சக்கமாக விழுங்கி, 1974ல் இங்கிலாந்தில் ஒருவர் ஈரல் கெட்டு இறந்தே போனார்.

இந்த ஜூஸ் மோகத்துக்கு ஒரு மூல புருஷர் உண்டு. அமெரிக்காவில் நார்மன் வாக்கர். காய்கறிச் சாறு பற்றிப் புத்தகம் எழுதியவர், பிழிகிற மெஷினும் வடிவமைத்தவர். சாறு குடித்தே 119 வயது வரை வாழ்ந்தார் என்று பக்தர்கள் சொல்வார்கள். பிறப்பு 1886, இறப்பு 1985. கழித்துப் பாருங்கள், 99. அதுவே பிரமாதமான வயசுதான். அதற்கு மேல் ஏன் 20 வருஷம் பற்று எழுதினார்கள் என்று தெரியவில்லை.

எங்கள் வீட்டுக்கு அந்த மெஷினின் கொள்ளுப்பேரன் வந்தது, போன மாசம் 7-ம் தேதி. கொண்டு வந்தவர் என் மாமனார். கும்பகோணத்தில் ஹெட்மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர், வயது 71. எங்களோடுதான் இருக்கிறார். பென்ஷன் பணத்தில் 9,000 ரூபாய் கொடுத்து ஒரு 'கோல்டு பிரஸ்' ஜூஸர் வாங்கிவிட்டார். மிக்ஸி நிமிஷத்துக்குப் பத்தாயிரத்துக்கும் மேல் சுற்றும். இது ஐம்பது, அறுபதுதான் சுற்றும். மாட்டு வண்டிச் செக்கு மாதிரி நிதானம்.

"மிக்ஸியில அடிச்சா சூட்டுல என்சைம் எல்லாம் செத்துடுமாம் மாப்ளே. கடைக்காரன் சொன்னான்."

என்சைம் என்பது புரதம். வயிற்றுக்குள் போனால் அங்கே இருக்கிற அமிலம் அதை எப்படியும் சும்மா விடாது. மெஷினில் உண்மையான லாபம் கூடுதல் சாறு, குறைவான நுரை. இதையெல்லாம் மாமனாரிடம் சொல்ல முடியுமா? நான் தேய்மானக் கணக்கு மட்டும் போட்டேன். ஐந்து வருஷம் தினமும் ஓடினால் டம்ளருக்கு 5 ரூபாய். இருபது நாள் ஓடிவிட்டுப் பரணுக்குப் போனால் டம்ளருக்கு 450 ரூபாய். நட்சத்திர ஹோட்டலில்கூட அதற்குக் கீழே ஒரு ஜூஸ் கிடைக்கும்.

ஆனால் ஹெட்மாஸ்டர் சளைக்கவில்லை. தினமும் காலை ஆறு மணிக்கு மெஷின் முனகும். மூன்றாம் நாள் பாத்ரூமிலிருந்து ஒரு குரல்.

"மாப்ளே, கொஞ்சம் இப்படி வாங்களேன். உங்க பொண்டாட்டிகிட்ட சொல்லாதீங்க."

முகம் வெளுத்திருந்தது. சிறுநீர் சிவப்பாகப் போயிருக்கிறது. பயப்பட வேண்டாம், பீட்ரூட் நிறம் சிலருக்கு உடைபடாமல் அப்படியே வெளியே வரும் என்று சொன்னேன். ஒருநாள் நிறுத்திப் பார்த்ததும் சரியாகிவிட்டது. (பீட்ரூட் தொடாத நாளிலும் சிவப்பாக வந்தால் சிரித்துக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் ஓடுங்கள்.) அடுத்த நாளிலிருந்து மறுபடியும் மெஷின்.

19-ம் தேதி ராத்திரி மனைவி, "அப்பாவோட பி.பி. மாத்திரை எத்தனை இருக்குன்னு பாருங்க, நாளைக்கு மருந்துக் கடைப் பக்கம் போறீங்களே" என்றாள்.

பார்த்தேன். ஒன்றாம் தேதி கையிருப்பு 30. தினம் ஒன்று வீதம் 19 போயிருக்க வேண்டும். மீதி 11 இருக்கணும். அட்டையில் இருந்தது 24. இரண்டு தடவை எண்ணினேன். வித்தியாசம் 13. ஏழாம் தேதியிலிருந்து பத்தொன்பது வரை எண்ணினால் அதுவும் 13.

ஆடிட்டர் என்றால் சீட்டு அனுப்பி விளக்கம் கேட்பார். மாமனாரிடம் மாப்பிள்ளை எப்படிக் கேட்பது? மொட்டை மாடியில் உலாத்திக்கொண்டிருந்தார். அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய் நின்றேன்.

"மாமா, ஸ்டாக் டேலி ஆகலை."

புரிந்துவிட்டது அவருக்கு. கொஞ்ச நேரம் எதிர்வீட்டுத் தண்ணீர் டேங்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பீட்ரூட் பி.பி.யைக் குறைக்கும்னு வாட்ஸ்அப்ல வந்தது. பொய்யா அது?"

"பொய் இல்லை மாமா."

நிஜமாகவே பொய் இல்லை. பீட்ரூட்டில் நைட்ரேட் இருக்கிறது. நாக்கில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாக மாற்றும். பிறகு உடம்புக்குள் அது நைட்ரிக் ஆக்ஸைடாகி ரத்தக் குழாய்களைத் தளர்த்தும். (காலையில் மவுத்வாஷ் போட்டுக் கொப்பளித்தால் அந்த பாக்டீரியாக்களும் காலி, பலனும் காலி.) இங்கிலாந்தில் எக்ஸீட்டர் பல்கலைக்கழகத்தில் 2009ல் சில இளைஞர்களுக்கு ஆறு நாள் தினம் அரை லிட்டர் பீட்ரூட் ஜூஸ் கொடுத்து சைக்கிள் மிதிக்க வைத்தார்கள். வழக்கத்தைவிட 16 சதவீதம் அதிக நேரம் மிதித்தார்கள். பி.பி.யும் குறையும்தான். எவ்வளவு? பல சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தால் மேல் எண்ணில் சராசரியாக நாலைந்து பாயின்ட். 170 இருப்பவருக்கு 165 என்பது, கடனில் வட்டியை மட்டும் கட்டின மாதிரி.

இதைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்:

"அது மட்டும் இல்லை மாப்ளே. உங்க மாமியார் கடைசியில ஒரு டிபன் டப்பா நிறைய மாத்திரை வெச்சிருந்தா. ஞாபகம் இருக்கா? காலைல எது, ராத்திரி எதுன்னு நான்தான் பிரிச்சு வைப்பேன். அந்த மாதிரி இன்னொரு டப்பா நான் ஆரம்பிக்க வேண்டாம்னு பார்த்தேன்."

இதற்கு எந்த பி.காம். புத்தகத்தில் பதில் இருக்கிறது? நானும் டேங்கைப் பார்த்தேன்.

"தலை சுத்தலை, ஒண்ணும் இல்லை. தெம்பாத்தான் இருக்கேன்" என்றார்.

பி.பி.யின் கெட்ட குணமே அதுதான். சொல்லிக்கொண்டு வராது. மறுநாள் காலை தெருமுனை டாக்டரிடம் போனோம். கையில் பட்டையைக் கட்டிக் காற்றடித்தார். 176க்கு 102. டாக்டர் திட்டவில்லை. "சார், ஜூஸ் சாப்பிடுங்க. மாத்திரையையும் சாப்பிடுங்க. எது எதைக் குறைக்கலாம்னு நான் சொல்றேன்" என்றார். அப்புறம் என்னைப் பார்த்து, கல் உண்டா, சர்க்கரை உண்டா என்று விசாரித்தார். பீட்ரூட்டில் ஆக்ஸலேட் அதிகம், சிறுநீரகத்தில் கல் வந்தவர்களுக்கு ஆகாது. சிறுநீரகமே பழுதானவர்களுக்கு அதில் இருக்கும் பொட்டாசியம் ஆபத்து.

சர்க்கரை விஷயம் உங்களுக்கும் சேர்த்துத்தான். 'நான் சீனியே போடலை சார்' என்பார்கள். ஒரு ஆப்பிள், இரண்டு கேரட், அரை பீட்ரூட் சேர்ந்தால் இயற்கையாகவே ஐந்தாறு டீஸ்பூன் சர்க்கரை இருக்கிறது. முழுசாகக் கடித்துத் தின்றால் நார் அதைப் பிடித்துப் பிடித்து அனுப்பும். வடிகட்டினால் நாரெல்லாம் சக்கையோடு போய்விடும், சர்க்கரை எக்ஸ்பிரஸ் வண்டி. உலக சுகாதார நிறுவனம் 2015ல் வெளியிட்ட அளவுகோலில், ஜூஸில் இருக்கும் சர்க்கரையையும் கட்டுப்படுத்த வேண்டிய கணக்கில்தான் சேர்த்திருக்கிறது. ஆகவே பெரிய டம்ளர் வேண்டாம். முடிந்தால் வடிகட்டவும் வேண்டாம்.

வடிகட்டியே தீருவேன் என்பவர்கள் சக்கையைக் கொட்டாதீர்கள். அடை மாவில் கலக்கலாம், சப்பாத்தி மாவில் பிசையலாம். எங்கள் வீட்டில் ஒரு வாரம் எல்லாப் பலகாரமும் ரோஸ் கலரில் இருந்தது.

இன்னொன்று, இது விளையாட்டில்லை. ஜூஸ் பழக்கம் பிடித்தவர்கள் அடுத்து சுரைக்காய்க்குப் போவார்கள். சுரைக்காய்ச் சாறு கசந்தால் ஒரு மடக்குகூட விழுங்காதீர்கள். கசப்பு மருந்து என்று நினைத்துக் குடித்து 2010ல் டெல்லியில் ஒரு விஞ்ஞானியே இறந்தார். கசக்கும் சுரைக்காயில் குகர்பிட்டாசின் என்ற விஷம் இருக்கிறது. அறிந்தவர் வீட்டிலேயே அந்தக் கதி.

மாமனார் இப்போது காலையில் ஒரு மாத்திரை, அப்புறம் அரை டம்ளர் ஜூஸ். டிபன் டப்பா கிடையாது. அட்டையை மேஜை டிராயரில் தன் பழைய பேனாக்களோடு போட்டு வைத்திருக்கிறார். பக்கத்தில் ஒரு நோட்டு. தேதி, மாத்திரை, கையிருப்பு என்று மூன்று கட்டம், பள்ளிக்கூட அட்டெண்டன்ஸ் மாதிரி. சனிக்கிழமை தோறும் நான் எண்ணிப் பார்த்து இனிஷியல் போட வேண்டும். போன வாரம் ஒன்று கூடுதலாகக் காலியாகியிருந்தது. கேட்டேன். கீழே விழுந்து உருண்டு பீரோவுக்கு அடியில் போய்விட்டதாம். சிவப்பு மையில் 'சேதாரம் 1' என்று அவரே எழுதி வைத்திருந்தார்.