புதிய தலையெழுத்து

ஏழையின் துன்பங்களுக்கெல்லாம் பிரமன் எழுதிய எழுத்தே காரணம் என்று ஒரு காலத்தில் சொன்னார்கள். இன்று அந்த எழுத்தாணியைப் பரம்பரையலகின் கையில் கொடுத்திருக்கிறார்கள். புத்தளத்து உப்பளத்தில் உழைக்கும் பெண்ணொருத்திக்கு நாற்பது வயதில் உடல் பருத்து நீரிழிவும் வந்துவிட்டால், "உன் பரம்பரை அப்படி" என்பார் ஒருவர். "உன் வாய் அடங்கவில்லை" என்பார் மற்றொருவர். இருவர் தீர்ப்பும் ஒன்றே: குற்றவாளி அவள், சமுதாயம் நிரபராதி!

விஞ்ஞானம் இப்படியா சொல்லுகிறது? கொழுப்புக் கலம் தொடக்கத்திலேயே கொழுப்புக் கலமாக இருப்பதில்லை. முன்னோடிக் கலத்தினுள் உறங்கும் பரம்பரையலகுகள் சில விழித்தெழுந்த பின்னரே அது அவ்வாறு ஆகிறது. அவற்றுள் தலையாயதான பி.பி.ஏ.ஆர். காமாவின் பணி 1994இல் வெளிப்பட்டது. உடற்பருமனோடு தொடர்புள்ளதென்று 2007இல் அறியப்பட்ட எஃப்.டி.ஓ. பகுதியில் உள்ள ஒரு மாற்றம், கொழுப்பை எரிக்கக்கூடிய கலத்தைச் சேமிக்கும் கலமாகத் திருப்பிவிடுகிறது என்பது 2015இல் தெளிவாயிற்று. பரம்பரைக்குப் பங்குண்டு, அதை மறுப்பார் யார்? ஆனால் பாட்டியின் பரம்பரையலகுகள்தாமே பேத்திக்கும் வந்தன? இரண்டு தலைமுறைக்குள் மாறியது பரம்பரையன்று, வாழ்வு.

பரம்பரையலகு விளக்கென்றால், அதை ஏற்றுவதிலும் அணைப்பதிலும் வாழ்வின் கையும் உண்டு. 1944-45 குளிர்காலத்தில் நாஜிகள் உணவு வழிகளை அடைத்ததால் மேற்கு நெதர்லாந்து பட்டினியில் வாடியது. கருவின் முற்பாதியில் அப்பசியை அனுபவித்த ஆண்பிள்ளைகளிடையே பத்தொன்பது வயதில் உடற்பருமன் மிகுந்திருந்தது. கருத்தரித்த காலத்தையொட்டிய அப்பசி ஒரு பரம்பரையலகின்மீது பதித்த இரசாயனத் தடம் அறுபது ஆண்டுகளின் பின்னும் அழியவில்லை என்பதை 2008இல் கண்டனர். புனேயின் குழந்தைகள் இங்கிலாந்தின் குழந்தைகளைவிட எடை குறைந்து பிறந்தும், அவர்கள் உடலில் கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை என்பதை யாஜ்னிக் குழுவினர் 2003இல் காட்டினர். பசியும் பருமனும் பகைவர்களல்ல. ஒரே வறுமையின் இரு பிள்ளைகள்!

இனி நம் கரையைப் பாருங்கள். 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம் மக்களுள் பெரும்பகுதியினர் புத்தளத்தில் தஞ்சம் புகுந்தனர். ஓலைக் கொட்டில்களில் நிவாரண அரிசியும் கோதுமை மாவும் சீனியும் கொண்டு வயிறு நிரப்பிய தாய்மாரின் வாழ்வை எந்தப் பரம்பரையலகு எழுதியது? களப்போர இறால் கப்பலேறுகிறது. அதை வளர்த்தவன் வீட்டுக்குப் பாணும் சீனித் தேநீரும் வருகின்றன. 2022 நெருக்கடியில் மீனும் முட்டையும் ஏழையின் தட்டைவிட்டு நீங்கின. கருவுற்ற தாய்மாருக்கான திரிபோஷாவுக்கும் தட்டுப்பாடு வந்தது. அன்று கருவிலிருந்த பிள்ளைகள் நாளை உங்கள் வகுப்பறையில் அமர்வார்கள், ஆசிரிய நண்பர்களே!

உடலின் கொழுப்புக் கலங்களின் எண்ணிக்கை பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலும் இளமையிலுமே நிலைபெற்றுவிடுகிறது என்பது 2008ஆம் ஆண்டின் மற்றோர் ஆய்வு முடிவு. ஆகவே நாற்பது வயதுப் பெண்ணுக்கு உபதேசம் செய்வது எளிது, பயன் சிறிது. கருவுற்றவளின் தட்டில் முட்டையும் மீனும், பள்ளிப் பிள்ளைக்குச் சத்தான மதிய உணவு, உப்பளத்தாளுக்கு நியாயக் கூலி: இவையே மருந்து. இவற்றைக் கேட்கத் துணியாதவர் பரம்பரையைப் பழிக்கட்டும். நாம் கேட்போம்!