ஓர் அரண்மனை, மூன்று கைம்பெண்கள்



அரசகுமாரியரின் வாழ்க்கை என்றாலே பட்டும் பல்லக்கும் பொன்னும் மணியும் நம் மனக்கண் முன் தோன்றுகின்றன. கடல் கடந்த நாடுகளின் இளவரசியருடைய திருமணச் செய்திகளை நாளிதழ்களில் ஆவலோடு படிக்கின்றோம். ஆயின் நம் ஊரிலேயே, மலைக்கோட்டையின் அடிவாரத்திலேயே, ஓர் அரச குடும்பம் வாழ்ந்து மறைந்ததை நம்முள் எத்தனை பேர் நினைத்துப் பார்க்கின்றோம்? லூர்து அன்னை ஆலயத்திலிருந்து நடந்து செல்லும் தொலைவில்தான் இராணி மங்கம்மாள் மகால் நிற்கின்றது. மதுரை நாயக்க மன்னர்கள் திருச்சிராப்பள்ளியைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட நாட்களில் கொலுவீற்றிருந்த மண்டபம் அது. அக்குடும்பத்தில் ஐம்பதே ஆண்டுகளுக்குள் மூன்று பெண்கள், ஒருவர்பின் ஒருவராக, கணவனை இழந்தனர். மூவருக்கும் நேர்ந்த துயரம் ஒன்றே; மூவருடைய முடிவோ வெவ்வேறு. அஃது ஏன் என்பதை இத்திங்கள் சற்றே சிந்திப்போம்.

முதலாமவர்: வாழத் துணிந்தவர்

மங்கம்மாள், சொக்கநாத நாயக்கரின் படைத்தலைவர்களுள் ஒருவரான லிங்கம நாயக்கரின் மகள். சொக்கநாதரை மணந்து அரண்மனை புகுந்தார். 1682ஆம் ஆண்டில் கணவர் மறைந்தபோது, நாடு நாற்புறமும் பகைவரால் நெருக்குண்டு கிடந்தது. மகன் முத்துவீரப்பனுக்கோ வயது பதினைந்து அளவே.

அரச குலத்துப் பெண்கள் கணவனோடு உடன்கட்டை ஏறுவதே பெருமை என்று கருதப்பட்ட காலம் அது. 1710ஆம் ஆண்டில் இராமநாதபுரத்துக் கிழவன் சேதுபதி இறந்தபோது, அவருடைய மனைவியர் நாற்பத்தெழுவர் தீயில் மாய்ந்த கொடுமையை அக்காலத்து இயேசு சபைக் குருக்கள் தம் மடல்களில் எழுதி வைத்துள்ளனர். அத்தகைய சூழலில் மங்கம்மாள், “என் மகனுக்கு நான் வேண்டும்” என்ற ஒரே காரணத்தால் சிதையை மறுத்து வாழ்வைத் தேர்ந்துகொண்டார். இறப்பதற்கு மட்டும் துணிவு வேண்டும் என்று எண்ணுகின்றோம். ஊரார் சாவை எதிர்பார்த்து நிற்கையில் வாழ்வதற்கு அதனினும் பெரிய துணிவு வேண்டும் அன்றோ?

இரண்டாமவர்: எவரும் தேற்றாதவர்

மகன் முத்துவீரப்பர் ஏழாண்டுகள் ஆண்டார். மன்னர்கள் பல மனைவியரைக் கொள்வது வழக்கமாயிருந்த நாளில், அவர் சின்ன முத்தம்மாள் என்னும் ஒருத்தியையே மணந்து வாழ்ந்தார் என்பர். 1689ஆம் ஆண்டில், இருபத்திரண்டு வயதளவில், அம்மை நோய் அவரைக் கொண்டு சென்றது.

முத்தம்மாள் அப்போது நிறைசூலி. கணவனோடு தானும் மாய வேண்டும் என்று அவர் பிடிவாதம் செய்தார். மாமியார் மங்கம்மாளும் பெரியோரும் வயிற்றிலுள்ள பிள்ளையை முன்னிட்டு மன்றாடித் தடுத்தனர். ஆண் குழந்தை பிறந்தது, அரண்மனை மகிழ்ந்தது, வாரிசு கிடைத்துவிட்டான். ஆனால் பிள்ளைப்பேறு முடிந்த சில நாட்களுக்குள் அந்த இளந்தாய் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார்.

அன்பர்களே, இவ்விடத்தில் சற்று நில்லுங்கள். வரலாற்று நூல்கள் இந்நிகழ்ச்சியை இரண்டொரு வரிகளில் கடந்து, மூன்று மாதக் குழந்தையின் முடிசூட்டு விழாவிற்குச் சென்றுவிடுகின்றன. “குழந்தைக்காக உயிரோடிரு” என்று அப்பெண்ணிடம் கூறினர். “உனக்காக உயிரோடிரு” என்று கூறினார் உண்டா? குழந்தை பிறந்ததும் அந்தக் காரணம் தீர்ந்துபோயிற்று என்று அந்தப் பேதை மனம் எண்ணியதில் வியப்பென்ன? பிள்ளை பெற்ற பச்சை உடம்பு; கணவனை இழந்த புண்பட்ட உள்ளம். பிரசவித்த பெண்களைச் சில வேளைகளில் கடுமையான மனச்சோர்வு பற்றுவதுண்டு என்று இன்றைய மருத்துவம் தெளிவாகக் கூறுகின்றது. அது மனவலிமைக் குறைவன்று. கவனித்தால் குணமாகும் நோய். ஆதலின் நம் வீடுகளிலும், தொட்டிலைச் சூழ்ந்து நின்று மகிழும்போது, கட்டிலில் கிடக்கும் தாயின் முகத்தையும் ஒருமுறை பாருங்கள். அவள் உறங்கவில்லையென்றால், உண்ணவில்லையென்றால், காரணமின்றி அழுதுகொண்டே இருந்தால், “பிள்ளையைப் பார், எல்லாம் சரியாகிவிடும்” என்று சொல்லி நகர்ந்துவிடாதீர்கள். அருகில் அமர்ந்து கேளுங்கள். மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

பேரனுக்காக ஒரு நாடு

மருமகளை இழந்த மங்கம்மாள் பேரன் விசயரங்க சொக்கநாதனை மடியில் வைத்துக்கொண்டு, அவன் பெயரால் நாட்டை ஆளத் தொடங்கினார். ஏறத்தாழப் பதினேழு ஆண்டுகள் அவ்வாட்சி நீடித்தது. ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர்கான் செஞ்சியை முற்றுகையிட்டிருந்தபோது, வெல்ல முடியாத போரைத் தொடுத்து மக்களை மாய்ப்பதினும் திறை செலுத்தி அமைதி காப்பதே நன்றென அவர் முடிவு செய்தார். மைசூர் மன்னர் சிக்கதேவராயர் காவிரியின் குறுக்கே அணையிட்டு நீரைத் தடுத்தபோது, அதுவரை பகைவராயிருந்த தஞ்சை மராத்தியரோடு கைகோத்து அதை எதிர்க்கத் துணிந்தார். பெருமழை வந்து அணையே உடைந்துபோக, போருக்குத் தேவையின்றிப் போயிற்று. திருவரங்கத்தை இருபுறமும் தழுவி ஓடும் நீரைக் காண்போர், அதற்காக ஒரு பாட்டி கவலைப்பட்ட நாளை நினைத்துக்கொள்ளலாம்.

மதுரையிலிருந்து தென்கோடி வரை அவர் அமைத்த சாலை இன்றும் பல இடங்களில் மங்கம்மாள் சாலை என்றே வழங்குகின்றது. மதுரைப் புகைவண்டி நிலையத்திற்கு எதிரே அவர் பெயரால் சத்திரம் நிற்கின்றது. 1701ஆம் ஆண்டில் திருச்சிராப்பள்ளி நத்தர்வலி தர்காவுக்கு நிலக்கொடை வழங்கிய செப்பேடு உண்டு. நம் மறையைச் சார்ந்தோரும் அவரது நீதியைக் கண்டனர். இராமநாதபுரத்தில் சிறைப்பட்ட மெல்லோ அடிகளார் அவர் தலையிட்டதால் விடுதலை பெற்றார். 1693 பெப்ருவரி 4ஆம் நாள் ஓரியூரில் அருளானந்தர் தலை வெட்டுண்டது சேதுபதியின் சீமையில். அரசியாரின் கை அங்கு எட்டவில்லை. ஆனால் ஆவூரில் கோயில் எழுப்பிய பூஷே அடிகளார் திருச்சிராப்பள்ளிக்கு வந்தபோது, தளவாய் நரசப்பையர் அவரை மதிப்போடு வரவேற்றார். வேற்று மறையினரானாலும் நேர்மையுள்ள ஆட்சியாளருக்கு நன்றி கூறுவது நமக்குக் கடமையாகும்.

மங்கம்மாளின் முடிவு இனிதாய் அமையவில்லை. பேரன் வளர்ந்ததும் ஆட்சியை ஒப்படைப்பதில் பிணக்கு எழுந்தது என்றும், அவர் சிறைவைக்கப்பட்டு, உணவைக் கண்ணால் காணச் செய்தும் உண்ணவிடாமல் வாட்டப்பட்டார் என்றும் மதுரைப் பக்கத்தில் வழிவழியாகச் சொல்வதுண்டு. 1706ஆம் ஆண்டளவில் அவர் காலம் முடிந்தது.

மூன்றாமவர்: நம்பிக் கெட்டவர்

விசயரங்க சொக்கநாதர் 1732 வரை ஆண்டார். திருவரங்கத்துப் பெருமாளிடம் அளவற்ற பற்றுக் கொண்டவர். அவருடைய குடும்பத்தினரின் தந்தச் சிற்பங்களை இன்றும் திருவரங்கக் கோயிலின் அருங்காட்சியகத்தில் காணலாம். கோயில்களுக்கு வாரி வழங்கிய அவர், ஆட்சியை அமைச்சர்களிடம் விட்டுவிட்டார். பிள்ளையின்றி அவர் இறக்க, அரசி மீனாட்சி பொறுப்பேற்றார்.

மீனாட்சி கணவரின் உறவினரான வங்காரு திருமலையின் மகனைத் தத்தெடுத்தார். ஆயினும் அந்த வங்காரு திருமலையே அரியணைக்கு உரிமை கோரி எதிர்த்தார். வீட்டுச் சண்டையில் வெளியார் புகுந்தனர். ஆர்க்காட்டுப் படையோடு வந்த சந்தா சாகிப் பெரும்பொருள் பெற்றுக்கொண்டு, அரசிக்குத் துணை நிற்பதாக ஆணையிட்டு உறுதி கூறினார். 1736இல் அவ்வாணையை மீறிக் கோட்டையைக் கைப்பற்றி அரசியைச் சிறைவைத்தார். நம்பிக் கெட்ட அப்பெண்மணியும் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார் என்பர். நாயக்கர் ஆட்சியின் விளக்கு திருச்சிராப்பள்ளியில் அத்துடன் அணைந்தது.

நமக்கு என்ன?

மூவருள் மங்கம்மாள் மட்டும் தலைநிமிர்ந்து வாழ்ந்தது எவ்வாறு? அவர் மற்ற இருவரினும் குறைவாகத் துயருற்றார் என்பதாலன்று. கணவனையும் மகனையும் மருமகளையும் இழந்தவர் அவர். ஆனால் அவர் கையில் பொறுப்பு இருந்தது. அவர் சொல் அவையில் ஏறியது. அவர் பெயரை மதித்த அமைச்சரும் தளவாயும் இருந்தனர். முத்தம்மாளுக்கு இவற்றுள் ஒன்றும் கிட்டவில்லை. மீனாட்சிக்குப் பொறுப்பு இருந்தும் நம்பத்தக்க துணை இல்லை. கைம்பெண்ணுக்கு வேண்டியது நம் இரக்கப் பெருமூச்சு மட்டுமன்று; பொறுப்பு, உரிமை, உண்மையான துணை ஆகிய மூன்றுமே.

1829ஆம் ஆண்டில் உடன்கட்டை ஏறுதல் சட்டத்தால் தடுக்கப்பட்டது. ஆயின் உடலை எரிக்காமலே உள்ளத்தை எரிக்கும் வழக்கங்கள் நம் கத்தோலிக்க வீடுகளிலும் உண்டு என்பதை மறைப்பானேன்? மகளின் திருமண மந்திரிப்பின்போது பெற்ற தாயே கோயிலின் கடைசி வரிசையில் ஒதுங்கி நிற்கின்றாள். புதுமனை புகுவிழாவில் அவள் முன்னே வரக்கூடாது என்கின்றனர். வீட்டுப் பத்திரத்தில் கையொப்பமிட மட்டும் அவளை அழைக்கின்றனர். என்ன எழுதியிருக்கின்றது என்று ஒருவரும் படித்துக் காட்டுவதில்லை.

1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின்படி, உயில் எழுதாமல் இறந்த கிறிஸ்தவரின் சொத்தில், பிள்ளைகள் இருப்பின் மூன்றில் ஒரு பங்கு மனைவிக்கு உரியது. எஞ்சிய இரு பங்கு பிள்ளைகளுக்கு, ஆணென்றும் பெண்ணென்றும் வேற்றுமையின்றி, சமமாய்ச் சேரும். இது பிள்ளைகள் மனமுவந்து தரும் பிச்சையன்று, அவளுடைய உரிமை. தாயின் பங்கைக் கேளாமலே பிரித்துக்கொண்ட பிள்ளைகள், அவள் பெயரால் பூசை ஒப்புக்கொடுப்பதற்கு முன் அந்தக் கணக்கைத் தீர்ப்பது நலம்.

தொடக்கத் திருச்சபையில் எழுவர் பணிக்கெனத் தெரிந்துகொள்ளப்பட்டதே, கைம்பெண்கள் அன்றாடப் பங்கீட்டில் கவனிக்கப்படவில்லை என்ற முறையீட்டினால்தான் என்பதைத் திருத்தூதர் பணி நூலில் காண்கின்றோம். அந்த முறையீட்டைக் கேட்டுத் திருச்சபை சினக்கவில்லை, ஒழுங்கு செய்தது. நாமும் அவ்வாறே செய்வோம். அடுத்த திருமணம் உங்கள் இல்லத்தில் நிகழும்போது, கணவனை இழந்த உங்கள் தாயையோ, அத்தையையோ, அண்ணியையோ முன்வரிசையில் அமர்த்துங்கள். மணமக்களின் நெற்றியில் முதற் சிலுவை அடையாளத்தை அவர்கள் கை இடட்டும்.