மூடிக் கணக்கு போதாது

"தாங்கிக்கு எத்தனை மூடி?" மருந்துக் கடையில் நாம் கேட்கும் முதற் கேள்வி இதுதான். கடைக்காரரும் ஓர் அளவைச் சொல்லிவிடுவார். ஆனால் அவர் நமது தெளிகருவியைக் கண்டதில்லை. நாம் நடக்கும் வேகத்தையும் அறியார். அவரது கணக்கு நமக்கு எப்படிப் பொருந்தும்?

இடம்பெயர்ந்து வந்து குத்தகைக் காணியில் வெங்காயமும் மிளகாயும் செய்யும் நம்மில் பலரிடம் இருப்பது பழைய கருவி, அல்லது இரவல் கருவி. நாட்பட்ட நொசிலின் துவாரம் தேய்ந்து பெருத்துவிடும். மருந்து கூடுதலாகப் போகும். அதோடு நமது பணமும் போகும்.

கருவியை அளந்து பார்ப்பது கடினமல்ல. 10 மீற்றர் நீளம், 10 மீற்றர் அகலத்தில் நிலத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கழுவிய தாங்கியில் ஒரு குறிவரை வெறும் தண்ணீரை நிரப்பி, வழமையான நடையில் அவ்விடம் முழுவதும் தெளியுங்கள். பின்பு அதே குறிவரை மீண்டும் நிரப்ப எத்தனை லீற்றர் வேண்டியிருக்கிறதென்று அளவுப் பேணியால் பாருங்கள். அதை 2½ ஆல் பெருக்கினால் ஒரு பரப்புக்கும், 40 ஆல் பெருக்கினால் ஓர் ஏக்கருக்கும், 100 ஆல் பெருக்கினால் ஒரு ஹெக்டேயருக்கும் செல்லும் தண்ணீர் தெரியும்.

4 லீற்றர் செலவானால் ஏக்கருக்கு 160 லீற்றர். அதாவது 16 லீற்றர்த் தாங்கியில் 10 தடவை. லேபிளில் ஏக்கருக்கு 400 மில்லிலீற்றர் என்றிருந்தால், ஒரு தாங்கிக்கு 40. அதே கருவியுடன் மகன் மெதுவாக நடந்து 6 லீற்றர் செலவழித்தால் ஏக்கருக்கு 15 தாங்கி வேண்டும். அவரும் 40 வீதம் கலந்தால் 600 மில்லிலீற்றர் போய்விடும். ஒன்றரை மடங்கு! குறைந்தாலோ பூச்சி சாகாது. மறுபடியும் கடன்பட்டு அடிக்க வேண்டிவரும். ஆகவே கருவியைப் பிடிப்பவர் மாறினால் மீண்டும் அளக்க வேண்டும்.

2021இல் விவசாய இரசாயனங்களின் இறக்குமதி தடைசெய்யப்பட்டு, அவ்வருடம் நவம்பரில் தடை நீங்கியது. அக்காலத்தில் ஒவ்வொரு போத்தலையும் எண்ணியெண்ணிப் பாவித்த நாம், இன்று ஏன் கண்மதிப்பில் ஊற்றுகிறோம்?

கருவியை இரவல் கொடுக்கும் சங்கங்கள் அளவுப் பேணியையும் சேர்த்தே கொடுக்கட்டும். போகம் தொடங்குமுன் ஒரு காலைப்பொழுதை அளந்து பார்ப்பதற்கென ஒதுக்கட்டும். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் நிலத்தில் மேலே ஊற்றுவது எளிதில் நிலத்தடி நீரில் இறங்கும். காணி பிறருடையதாக இருக்கலாம். கிணற்று நீரைக் குடிப்பவர்கள் நமது பிள்ளைகள்.