தெளிப்பது நம்ம கை, தண்ணீர் யார் கை?



ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறப்பது வழக்கம். ஆனால் 2012-ல் செப்டம்பர் 17, 2017-ல் அக்டோபர் 2, 2024-ல் ஜூலை 28 என்று தள்ளிப்போனது. தண்ணீர் தள்ளிப்போகும் போதெல்லாம் அதிகாரிகள் சொல்லும் யோசனை ஒன்றுதான்: நேரடி விதைப்பு செய்யுங்கள்.

நேரடி விதைப்பை நாம் எதிர்க்கவில்லை. நாற்றங்கால் செலவில்லை, நடவுக் கூலியில்லை. நாற்றைப் பிடுங்கி நடும்போது பயிர் வாடி நிற்கும் நாட்கள் இதில் கிடையாது. அதனால் ஏழு, பத்து நாள் முன்னாலேயே அறுப்புக்கு வந்துவிடும். ஆவணியில் புழுதியில் தெளித்த சம்பா, ஐப்பசி அடைமழைக்குள் வேர் பிடித்து நிமிர்ந்துவிடும். விதை சீராக முளைத்து, களையும் அடங்கினால் நடவு வயலுக்கு ஈடாக மகசூல் வரும்.

அடங்காவிட்டால்? நடவு வயலில் நாற்று களையை முந்தி நிற்கும், தேங்கிய தண்ணீரும் களையை அமுக்கும். தெளித்த வயலில் நெல்லும் குதிரைவாலிப் புல்லும் கோரையும் ஒன்றாகவே முளைக்கும். முதல் நாற்பது நாள் களையை விட்டால் பாதி மகசூல் போச்சு. களைக்கொல்லி அடிக்கவும் வயலில் ஈரம் வேணும். விதைத்ததும் மழைநீர் தேங்கினால் விதை அழுகும். முளைத்தபின் தண்ணீர் வராவிட்டால் பயிர் கருகும். மேலாகத் தெளித்த பயிருக்கு வேர் ஆழம் போகாது, கதிர் முற்றும்போது காற்றடித்தால் சாயும். ஏக்கருக்கு 24 முதல் 30 கிலோ விதை போடுகிறோம். முளைப்பு பொய்த்தால் மறுபடி உழவு, மறுபடி விதை, மறுபடி கடன்.

ஆகவே நேரடி விதைப்பு தாமதமாக வரும் தண்ணீருக்கு மருந்து. வராத தண்ணீருக்கு அது மருந்தில்லை. யோசனை சொல்லிவிட்டு அரசு கைகழுவ நாம் விடக்கூடாது.

நமது கோரிக்கைகள்:

1. அணை திறக்கும் முன்பே கடைமடை வரை வாய்க்கால்களைத் தூர்வாரு!

2. முறைத்தண்ணீர் தேதியை விதைப்புக்கு முன்பே அறிவி! முளைத்த முதல் மாதம் முறை தவறாமல் தண்ணீர் விடு!

3. சான்று விதையும் டிரம் சீடரும் சிறு விவசாயிக்கு விதைப்புக்கு முன்பே கிடைக்கச் செய்!

4. முளைப்பு பொய்த்த வயலுக்கு மறுவிதைப்பு விதையும் உழவுச் செலவும் கொடு! பயிர்க் காப்பீட்டை வயல்வாரியாகக் கணக்கிடு!

விவசாயிகளே, தெளித்த தேதி, தண்ணீர் வந்த தேதி, முளைக்காத பரப்பு மூன்றையும் இன்றே எழுதி வையுங்கள். கலெக்டர் ஆபீசில் மாதாமாதம் நடக்கும் குறைதீர் கூட்டத்துக்கு அந்தக் கணக்கோடு ஊர் ஊராகத் திரண்டு வாருங்கள். வாய்ப்பேச்சைத் தட்டிக் கழிப்பார்கள். எழுதிய கணக்குக்குப் பதில் சொல்லியே ஆகணும்!