பிழைத்தால் பதில் சொல்வது யார்?

பிள்ளையை எந்தத் துறையில் படிக்க விடுவது, ஊரில் தனித்திருக்கும் அம்மாவை இங்கே அழைப்பதா, வீட்டுக் கடனை எத்தனை வருடத்துக்கு எடுப்பது? முன்பு இவற்றை மாமாவிடமோ, எமக்கு முன்னரே வந்து குடியேறிய ஊரவரிடமோ கேட்டோம். 2022 நவம்பரில் சட்ஜிபிடி வெளிவந்த பின்னர், இந்தக் கேள்விகளில் பல கைத்தொலைபேசிக்குப் போய்விட்டன. நள்ளிரவிலும் பதில் கிடைக்கிறது. வீட்டுக் கதை ஊருக்குத் தெரியவராது என்ற நிம்மதியும் உண்டு. ஆனால் அந்தப் பதில் பிழைத்தால் பொறுப்பேற்பது யார்?

கனடாவில் இந்தக் கேள்வி ஒரு தீர்ப்பாயம் வரை சென்றது. பாட்டியை இழந்த ஒருவர், துக்கப் பயணத்துக்கான கட்டணச் சலுகை பற்றி எயார் கனடா இணையத்தளத்தின் உரையாடல் இயந்திரத்திடம் கேட்டார். பயணம் முடிந்த பின்னரும் விண்ணப்பிக்கலாம் என்றது இயந்திரம். நிறுவனத்தின் விதி அப்படி இல்லை. பணம் மறுக்கப்பட்டது. அந்த இயந்திரம் தன் செயலுக்குத் தானே பொறுப்பான தனிச் சட்ட அமைப்பு என்ற தொனியில் நிறுவனம் வாதிட்டது. பிரிட்டிஷ் கொலம்பியத் தீர்ப்பாயம் 2024 பெப்ரவரியில் இதை நிராகரித்து, ஏறத்தாழ 812 டொலர் வழங்க உத்தரவிட்டது. தொகை சிறிது. ஆனால் இயந்திரத்தின் பின்னால் ஒரு நிறுவனம் ஒளிந்துகொள்ள முடியாது என்பது பெரிய செய்தி.

ஐரோப்பாவிலும் சட்டம் ஓரளவு எம் பக்கம் நிற்கிறது. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 22ஆம் பிரிவு, எம்மைப் பெரிதும் பாதிக்கும் முடிவை இயந்திரம் மட்டுமே எடுப்பதைக் கட்டுப்படுத்துகிறது. ஜேர்மனியின் ஷூஃபா கடன் புள்ளியும் இந்தப் பிரிவுக்குள் வரக்கூடும் என ஐரோப்பிய நீதிமன்றம் 2023 டிசம்பரில் தீர்ப்பளித்தது. நெதர்லாந்தில் நடந்ததை நாம் மறக்கக்கூடாது. அங்கு சிறுவர் பராமரிப்பு உதவித்தொகையில் மோசடியைத் தேடிய கணினி முறை, வெளிநாட்டுக் குடியுரிமையையும் ஓர் ஆபத்துக் குறியாகக் கணக்கில் எடுத்தது. ஆயிரக்கணக்கான பெற்றோர் மோசடிக்காரர் எனப் பிழையாக முத்திரை குத்தப்பட்டுக் கடனில் மூழ்கினர். 2021 ஜனவரியில் அந்த அரசாங்கமே பதவி விலகியது.

இவை எல்லாம் பிறர் எம்மீது இயந்திரத்தை ஏவும்போது கிடைக்கும் பாதுகாப்புகள். நாமே எமது முடிவை அதனிடம் ஒப்படைத்தால் நிலைமை வேறு. சட்ஜிபிடி சொன்னதால் பிள்ளை தவறான துறைக்குப் போனான் என்று எந்த வாசலில் போய் முறையிடுவது?

இன்னொரு சிக்கலும் உண்டு. இந்த இயந்திரங்கள் கேட்பவரின் மனம் அறிந்து இசைந்து போகும் இயல்புடையவை. 2025 ஏப்ரலில் சட்ஜிபிடியின் ஒரு புதுப்பிப்பு அளவுக்கு மீறி முகத்துதி செய்கிறது என்று அதைத் தயாரித்த நிறுவனமே அதைத் திரும்பப் பெற்றது. நாம் ஏற்கெனவே விரும்பியதையே அறிவுரை என்று எமக்குத் திருப்பித் தரும் கருவி, மாமாவைப் போல் "வேண்டாம் தம்பி" என்று மறிக்காது.

தஞ்சக் கோரிக்கையில் இந்த ஆபத்து இன்னும் பெரிது. இல்லாத தீர்ப்புகளை இருப்பதாக இந்தக் கருவிகள் எழுதித் தருகின்றன. அவற்றைச் சரிபாராமல் சமர்ப்பிக்கும் வழக்கறிஞர்களை 2025 ஜூனில் இங்கிலாந்து உயர் நீதிமன்றம் கடுமையாக எச்சரித்தது. சட்டம் படித்தவர்களே ஏமாறும்போது, மொழி தெரியாத நாட்டில் தனியாக வாக்குமூலம் தயாரிப்பவரின் கதி என்ன? அந்தத் தாளில் ஒரு திகதி மாறினாலே அவர் சொன்னது பொய் என்று ஆகிவிடலாம்.

கருவியை வீட்டுக்கு வெளியே வைக்கத் தேவையில்லை. அரசாங்கக் கடிதத்தைப் புரிந்துகொள்ளவும், கேட்கவேண்டிய கேள்விகளைத் தயாரிக்கவும் அது உதவும். முடிவை மட்டும் எமது கையில் வைத்திருப்போம். உயிரைப் பாதிக்கும் விடயத்தை வழக்கறிஞரிடமோ மருத்துவரிடமோ காட்டுவோம். குடும்ப விடயத்தை, அதன் விளைவோடு வாழப்போகிறவர்களுடன் பேசுவோம். எமது தலைவிதியை முகம் தெரியாத அலுவலகங்கள் எழுதிய காலத்தை இந்தச் சமூகம் நன்கு அறியும். இப்போது நாமே எழுதக் கிடைத்திருக்கும் பேனாவை இன்னொரு முகமற்ற கைக்குக் கொடுக்க வேண்டாம்.