ரீல்ஸ் இருக்கே, ஸ்கேட்டிங் பத்திரிகை எதுக்கு?

இன்லைன் ஸ்கேட்டிங் பார்க்கணும்னா இன்ஸ்டாவைத் திறந்தாலே போதும். அப்புறம் பத்திரிகை எதுக்கு?

1990-களில் அமெரிக்காவின் சான் டியாகோவிலிருந்து வந்த 'டெய்லி பிரெட்' இதழைப் பார்த்தால் பதில் கிடைக்கும். ஸ்கேட்டர்களுக்காக ஸ்கேட்டர்களே நடத்திய இதழ் அது. அந்த ட்ரிக்கைச் செய்தது யார், படம் எடுத்தது யார் என்பதெல்லாம் பெயரோடு அச்சில் பதிவானது.

2000-களின் நடுவில் 'எக்ஸ் கேம்ஸ்' போட்டியிலிருந்து இன்லைன் நீக்கப்பட்டது. டிவி வெளிச்சம் போச்சு. டெய்லி பிரெட்டும் அந்தப் பத்தாண்டிலேயே நின்றுபோனது. ஆனாலும் பழைய பிரதி ஒன்று கையில் கிடைத்தால், அந்தக் கால ஸ்கேட்டர்களைப் பெயரோடு அடையாளம் காணலாம்.

ரீல்ஸில் அது நடக்காது. அக்கவுண்ட் முடங்கினால் மொத்தமும் காலி. ஆண்டுக்கு ஒரு இதழாவது அச்சில் வரணும். இல்லைன்னா, இன்றைய ஸ்கேட்டர்களை 20 வருஷம் கழித்து யாருக்கும் தெரியாது.